மின்னஞ்சல் மாறுகிறது: வந்தது என்ன, போனது என்ன?

செஞ்சிக் கடைவீதியில் இரும்புக் கடை இருக்கிறது. ஜவுளிக் கடை இருக்கிறது. சற்றுத் தள்ளி அரிசி ஆலை இருக்கிறது. கொள்முதலுக்குப் பில் உண்டு. பில்லுக்கு வரி உண்டு. வரியில் சந்தேகம் வந்தால் நோட்டீஸ் உண்டு. முன்பெல்லாம் நோட்டீஸ் என்றால் தபால்காரர் கொண்டு வருவார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார். இப்போது அது மின்னஞ்சலிலும் வருகிறது.

2017 ஜூலை 1-ந்தேதி ஜி.எஸ்.டி. வரி அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 169-வது பிரிவு, வியாபாரி பதிவு செய்துள்ள மின்னஞ்சல் முகவரிக்கு நோட்டீஸ் அனுப்புவதையும் முறையாகச் சேர்ப்பிக்கும் வழிகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஆகவே மின்னஞ்சல் என்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு அல்ல. அது கடைக்காரரின் கதவு எண் மாதிரி.

அந்தக் கதவுக்குப் பின்னால் பெரிய மாறுதல்கள் நடந்திருக்கின்றன. அவை என்ன?

சர்வர் என்றால் யார்?

ஓட்டலில் இட்லி கொண்டு வருபவரையும் சர்வர் என்போம். மின்னஞ்சல் சர்வரும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. அது ஒரு கம்ப்யூட்டர். வருகிற கடிதங்களை வாங்கி வைக்கும். யார் கேட்கிறார்களோ அவருக்கு அவருடையதை எடுத்துக் கொடுக்கும். சுருங்கச் சொன்னால், அது ஒரு தபாலாபீஸ்.

பெரிய கம்பெனிகள் இந்தத் தபாலாபீசைச் சொந்தமாகவே வைத்துக்கொள்வது உண்டு. அதற்கு உதவும் மென்பொருள்களில் பேர் பெற்றது, மைக்ரோசாப்ட் கம்பெனியின் 'எக்ஸ்சேஞ்ச்'. 1996-ல் முதன்முதலாக வந்தது. சிறிய கடைக்காரர் சொந்தமாகச் சர்வர் வைப்பதில்லை. ஆனால் அவர் சரக்கு வாங்கும் கம்பெனி, கணக்கு வைத்திருக்கும் பாங்கு, எல்லாமே ஏதோ ஒரு சர்வரை நம்பித்தான் இருக்கின்றன.

அக்டோபர் 14

எக்ஸ்சேஞ்சின் 2016, 2019 ஆகிய இரு பதிப்புகளுக்கும் 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்கு முன்பாகவே, ஜூலை 1-ந்தேதி, புதிய பதிப்பு வந்துவிட்டது.

ஆதரவு முடிந்தது என்றால் மறுநாள் காலையில் சர்வர் நின்றுவிடும் என்று அர்த்தமல்ல. கடிதங்கள் வரும், போகும். ஆனால் அதில் ஓட்டை விழுந்தால் வழக்கம் போல அடைத்துத் தர ஆள் கிடையாது.

ஓட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் செஞ்சி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்ற செஞ்சிக் கோட்டை, 1690 முதல் 1698 வரை முகலாயப் பெரும்படையின் முற்றுகையைத் தாங்கி நின்றது. அதே கோட்டையை 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள்! மதில் மட்டும் காக்காது. காவலும் விழித்திருக்க வேண்டும்.

மின்னஞ்சல் கோட்டைக்கும் அப்படி ஒரு சோதனை வந்தது. எக்ஸ்சேஞ்சில் இருந்த 4 ஓட்டைகளை அடைக்கும் மருந்தை 2021 மார்ச் 2-ந்தேதி மைக்ரோசாப்ட் வெளியிட்டது. அதற்குள்ளாகவே திருடர்கள் புகுந்துவிட்டிருந்தார்கள். உலகெங்கும் பல்லாயிரம் நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன. ஐரோப்பிய பாங்குகளை மேற்பார்வை செய்யும் அதிகார அமைப்பே தப்பவில்லை!

புதிது எது? பழையது எது?

புதிய பதிப்பில் என்ன புதுமை? இங்கேதான் வேடிக்கை. முதலில் வெளிவந்த புதிய பதிப்பு, 2019 பதிப்பின் கடைசித் திருத்தத்தோடு ஏறக்குறைய ஒன்றேதான். 2019 பதிப்பு வைத்திருந்தவர்கள் இருந்த இடத்திலேயே மாறிக்கொள்ள இது வசதியாயிற்று. 2016 பதிப்புக்காரர்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவர்கள் புதிய சர்வர் அமைத்து, கடிதங்களை எல்லாம் அதற்குக் குடியேற்ற வேண்டும்.

பெரிய மாறுதல் பணம் கட்டும் முறையில் வந்தது. முன்பு ஒரு முறை வாங்கினால் போதும். புதிய பதிப்புக்கோ சந்தா போல விடாமல் கட்டி வர வேண்டும். சொந்த வீட்டுக்காரர் வாடகைக்காரர் ஆன கதைதான்.

சில வசதிகள் போயே போய்விட்டன. ஒருவர் டெலிபோனில் பேசி வைத்த செய்தியை மின்னஞ்சல் பெட்டியிலேயே சேர்க்கும் வசதி 2007 பதிப்பில் ஆரவாரமாக வந்தது. 2019 பதிப்பில் அது நீக்கப்பட்டது. அதையே நம்பித் தொழிலை அமைத்துக்கொண்டவர்கள் வேறு வழி தேட நேர்ந்தது.

கடைக்காரரைத் தொட்ட மாறுதலும் ஒன்று உண்டு. பழைய செயலிகளும் கருவிகளும் பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் சொல்லி மின்னஞ்சல் பெட்டிக்குள் நுழையும். திருட்டுக்கு அது வழி விடுகிறது என்று, 2022 மே மாதத்தில் கூகுளும், அக்டோபர் முதல் மைக்ரோசாப்டின் வாடகைச் சேவையும் அந்த வழியை அடைக்கத் தொடங்கின. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் பழைய முறையை மட்டுமே அறிந்த கருவிகளுக்குக் கதவு சாத்தப்பட்டது.

பெயர் போனாலும் வேலை போகக் கூடாது

எடுப்பதெல்லாம் கெடுதல் அல்ல. தபால் இலாகாவையே பாருங்கள். பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. உரியவர் கையிலேயே கொடுக்கும் வசதி மறையவில்லை. கூடுதல் கட்டணத்தில் விரைவுத் தபாலில் கிடைக்கிறது. பெயர் போயிற்று, வேலை நின்றது. மாறாக, 2013 ஜூலையில் தந்தி நின்றபோது பெயரும் வேலையும் சேர்ந்தே போயின.

மத்திய அரசாங்கம் செய்த மாறுதலும் கவனிக்கத்தக்கது. சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மின்னஞ்சல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ கம்பெனியின் ஏற்பாட்டுக்கு மாற்றப்பட்ட செய்தி 2025-ல் வெளியாயிற்று. தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் அலுவலகம் நடத்தும் கம்பெனி அது. இவ்வளவு பெரிய மாறுதலிலும் ஊழியர்களின் பழைய முகவரிகள் மாறவில்லை. தபாலாபீஸ் மாறினாலும் கதவு எண் மாறக் கூடாது என்பதே இதில் உள்ள பாடம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

புதிதாக வருவதைக் கம்பெனிகள் தண்டோரா போட்டுச் சொல்லும். போவதைச் சிறிய எழுத்தில் அச்சடிக்கும். ஆகவே கம்ப்யூட்டர் ஆசாமி வந்து, "எல்லாம் புதுசாக மாற்றிவிட்டேன்" என்று சொன்னால், நான்கு கேள்விகள் கேட்பது நல்லது. முன்பு இருந்ததில் எது இல்லாமல் போகிறது? அதற்குப் பதில் எது? பழைய கடிதங்கள் பத்திரமாக நகல் எடுக்கப்பட்டனவா? மாதந்தோறும் எவ்வளவு கட்ட வேண்டும்?

ஐந்தாவது கேள்வியைத் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவில் கொடுத்திருப்பது யாருடைய மின்னஞ்சல்? அவசரத்தில் கணக்கு எழுதுபவரின் முகவரியையோ, கம்ப்யூட்டர் சென்டரின் முகவரியையோ கொடுத்துவிட்டவர்கள் இருக்கலாம். அந்தப் பெட்டி மூடப்பட்டால் நோட்டீஸ் வந்ததே தெரியாது. கெடு மட்டும் கடந்துவிடும்.

முகவரியைத் திருத்திக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டு. வாரம் இருமுறையாவது பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். தமக்குப் படிக்க வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம். ஆனால் பாஸ்வேர்டு மட்டும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.