திபெத்தின் சுயநிர்ணய உரிமையும் ‘விடுதலை’ வாதமும்

திபெத்துப் பிரச்சினை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு முகாம்களாகப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு சாரார் 1950 ஆம் ஆண்டுக்கு முந்திய திபெத்தைத் துறவிகள் வாழ்ந்த புண்ணிய பூமியாகச் சித்திரிக்கின்றனர். மறு சாரார் அதே திபெத்தைப் பண்ணையடிமைகளின் நரகமாகக் காட்டி, சீனப் படை அங்கு நுழைந்தமையை ஒரு விடுதலையெனக் கொண்டாடுகின்றனர். முதலாவது சித்திரம் மேனாட்டுப் பயணிகளின் கற்பனை; அதனை மறுத்தல் எளிது. இரண்டாவதோ முற்போக்குச் சிந்தனையின் மொழியிற் பேசுவது. நிலமானிய எதிர்ப்பு, ஏகாதிபத்திய எதிர்ப்பு ஆகிய மதிப்புமிக்க சொற்களைத் துணைக்கு அழைப்பது. ஆகவே அதுவே விரிவான மறுப்புக்கு உரியது.

அவ்வாதத்தில் உண்மை எதுவுமே இல்லை எனச் சாதிப்பது நேர்மையான நிலைப்பாடு அன்று. பழைய திபெத்தில் விளைநிலம் அரசாங்கத்துக்கும் பிரபுக் குடும்பங்களுக்கும் மடாலயங்களுக்கும் உரியதாயிருந்தது. குடியானவருட் பெரும்பாலோர் பண்ணைகளோடு பரம்பரையாகப் பிணைக்கப்பட்டு, வரியோடு கட்டாய ஊழியத்தையும் செலுத்திவந்தனர். சீர்திருத்தம் வேண்டிய லுங்ஷர் என்ற உயர் அதிகாரியின் கண்கள் 1934 இல் லாசாவில் தோண்டியெடுக்கப்பட்டன. அக்குடியானவரைப் பண்ணையடிமைகள் என அழைப்பது பொருந்துமா என்பதுபற்றி ஆய்வாளரிடையே கருத்துவேறுபாடு உண்டு. பெயர் எதுவாயினும் அவர் சுமந்த சுமை மெய்யானது. தலாய் லாமாவின் மீது கொண்ட மதிப்பினால் இதனை மூடிமறைப்போர் திபெத்திய மக்களுக்கு நன்மை செய்பவராகார்.

ஆனால் இவ்வுண்மையிலிருந்து பெறப்படும் முடிவு யாது? ஒரு சமூகத்தினுள்ளே கொடுமை நிலவியது என்பதனால், அதனை ஆளும் உரிமை அயலவனுக்குக் கிட்டிவிடுமா? கிட்டுமெனின், உலகிற் குடியேற்றவாதம் எதுவும் கண்டிக்கத்தக்கதன்று. இலங்கையில் இராசகாரிய முறையை 1832 இல் ஒழித்தவர் பிரித்தானியரே. இந்தியாவில் உடன்கட்டை ஏறுதலை 1829 இல் தடைசெய்தவரும் அவரே. இச்செயல்கள் நன்மையானவை என்பதை மறுப்பாரிலர். ஆயினும் அவற்றைக் காட்டிப் பிரித்தானிய ஆட்சியை நியாயப்படுத்த இன்று எந்த முற்போக்காளரும் முன்வரார். கொழும்புக்கும் டில்லிக்கும் பொருந்தாத நியாயம் லாசாவுக்கு மாத்திரம் எங்ஙனம் பொருந்தும்?

இவ்வினாவுக்கு ஆசிய, ஆபிரிக்க நாடுகள் முன்பே விடையளித்துள்ளன. அந்நாடுகளின் முயற்சியால் 1960 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நிறைவேறிய 1514 ஆம் இலக்கத் தீர்மானம், அரசியல், பொருளாதார, சமூக, கல்வித் துறைகளில் ஒரு மக்கட் கூட்டம் போதிய ஆயத்தம் பெறவில்லை என்பதைச் சுதந்திரத்தைத் தாமதப்படுத்துவதற்கான சாட்டாகக் கொள்ளலாகாது எனத் தெளிவாகக் கூறுகின்றது. பின்தங்கிய சமூகம் என்ற குற்றச்சாட்டும் அத்தகைய சாட்டுகளுள் ஒன்றேயாம்.

சீனப் பொதுவுடைமைக் கட்சியும் ஒருகாலத்தில் இவ்வாறே கருதியது என்பதைச் ‘விடுதலை’ வாதிகள் மறந்துவிடுகின்றனர். 1931 நவம்பரில் ஜியாங்சி மாகாணத்து ருயிஜினில் அக்கட்சி நிறுவிய சீன சோவியத்துக் குடியரசின் அரசியல் யாப்பு, மங்கோலியர், திபெத்தியர், கொரியர் முதலிய தேசிய இனங்களின் சுயநிர்ணய உரிமையை ஏற்றது; முற்றாகப் பிரிந்து சென்று தனியரசு அமைக்கும் உரிமையும் அதனுள் அடங்கும் என விதந்து கூறியது. அன்று திபெத்தில் நிலமானிய முறை இல்லாதிருந்ததா? பதின்மூன்றாவது தலாய் லாமா ஆட்சிபுரிந்த காலம் அது. பண்ணைகளும் மடாலயங்களும் அன்றும் இருந்தன. அவை திபெத்தியரின் உரிமைக்குத் தடையாகக் கட்சிக்குத் தோன்றவில்லை. 1949 செப்டெம்பரில், ஆட்சியதிகாரம் கைக்கெட்டிய வேளையில் வகுக்கப்பட்ட பொது வேலைத்திட்டத்தில், பிரிந்து செல்லும் உரிமை மறைந்து, பிரதேச சுயாட்சி என்ற சொல் அதனிடத்தில் அமர்ந்தது. இப்பதினெட்டு ஆண்டுகளில் மாறியது திபெத்திய சமூகம் அன்று, கட்சியின் படைபலமே.

1950 ஒக்டோபரில் அப்படை சாம்டோவைக் கைப்பற்றியது. 1951 மே 23 இல் பெய்ஜிங்கில் பதினேழு அம்ச உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. திபெத்தில் நிலவும் அரசியல் முறையை மத்திய அரசு மாற்றமாட்டாது எனவும், சீர்திருத்தங்களைக் கட்டாயப்படுத்தமாட்டாது எனவும் அதில் வாக்களிக்கப்பட்டது. பண்ணையடிமைகளை மீட்க வந்த படை, பண்ணை முறைக்கு முதலில் உத்தரவாதம் அளித்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. நிலச்சீர்திருத்தம் லாசாவில் வந்தது 1959 மார்ச் எழுச்சி அடக்கப்பட்டு, தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பிச் சென்ற பின்னரேயாம். அவ்வாறு பகிர்ந்தளிக்கப்பட்ட நிலமும் 1960களின் நடுப்பகுதி தொடக்கம் கொம்யூன்களுக்குள் இழுக்கப்பட்டது. பிரபுவிடமிருந்து பெற்ற நிலத்தைக் குடியானவன் சில ஆண்டுகளே தனதென்று உழுதான்.

அவ்விடுதலையின் பெறுபேற்றை மதிப்பிட எதிரிகளின் சாட்சியம் தேவையில்லை. பத்தாவது பஞ்சன் லாமா பெய்ஜிங்கின் நண்பராக விளங்கியவர். 1959 இன் பின் திபெத்தை விட்டு அகலாது, அரசாங்கத்துடன் இணைந்து நின்றவர். அவர் 1962 இல் பிரதமர் சூ என்லாயிடம் கையளித்த எழுபதாயிரம் எழுத்து விண்ணப்பம், மக்கள் பசியால் மடிவதையும் கைதுகள் பெருகியதையும் எடுத்துரைத்தது. ஏறத்தாழ 2,500 ஆக இருந்த மடாலயங்களுள் எழுபதளவே எஞ்சியிருந்தன எனவும் கூறியது. கலாசாரப் புரட்சி தொடங்க அப்போது இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. அழிவு முழுவதையும் அப்புரட்சியின் தலையிற் சுமத்தும் பிற்கால விளக்கம் இதனால் வலுவிழக்கின்றது. உண்மை கூறியவருக்குக் கிடைத்த கைம்மாறு 1964 இற் பகிரங்கக் கண்டனமும் பின்னர்ச் சிறையும் ஆகும். 1977 இலேயே அவர் விடுவிக்கப்பட்டார். 1980 மே மாதத்தில் லாசாவுக்குச் சென்ற கட்சித் தலைவர் ஹூ யாவோபாங், அங்கு கண்ட வறுமையைக் கண்டித்து, வரிவிலக்கும் மெய்யான சுயாட்சியும் வேண்டுமென வலியுறுத்தினார். கட்சியின் தலைவரே கண்டித்த ஒன்றைக் கட்சியின் அயல்நாட்டு அபிமானிகள் இன்றும் போற்றுவது விந்தையே.

திபெத்தியர் போராட்டம் ஏகாதிபத்தியத்தின் சூழ்ச்சி என்பது அடுத்த வாதம். அமெரிக்க உளவு நிறுவனமான சீ.ஐ.ஏ. 1950களின் பிற்பகுதியிலிருந்து திபெத்தியப் போராளிகளுக்குப் பயிற்சியும் ஆயுதமும் அளித்தது உண்மையே. அந்நிறுவனம் 1960களின் இறுதியில் அவர்களைக் கைவிட்டதும் உண்மையே. 1972 இல் நிக்சன் பெய்ஜிங் சென்றார். 1974 இல் நேபாளத்து முஸ்டாங் தளம் மூடப்பட்டது. பிரித்தானியா, திபெத்தின் மீது சீனாவுக்கு மேலாண்மை மட்டுமே உண்டு என்ற தன் நெடுங்கால நிலைப்பாட்டை 2008 இற் கைவிட்டது. பஞ்சசீலக் கோட்பாடுகள் முதன்முதல் இடம்பெற்ற 1954 ஆம் ஆண்டு இந்திய-சீன உடன்படிக்கை திபெத்து வணிகம் பற்றியதே. அதில் ஒப்பமிடத் திபெத்தியர் எவரும் அழைக்கப்படவில்லை. ஒரு மக்களின் துன்பத்தை வல்லரசுகள் பயன்படுத்தின என்பது வல்லரசுகளின் இழிவைக் காட்டுமேயன்றி, அம்மக்களின் உரிமையை இல்லாதாக்காது.

இறுதியாக, வரலாற்று உரிமை பற்றிய வாதம். யுவான், சிங் வமிசங்களின் ஆட்சிக்காலத்தை ஒரு சாரார் காட்டுவர். 1913 இல் பதின்மூன்றாவது தலாய் லாமா விடுத்த பிரகடனத்தை மறு சாரார் காட்டுவர். மங்கோலியாவும் சிங் பேரரசின் கீழிருந்த நாடே. சோவியத்தின் ஆதரவோடு 1945 இல் அங்கு வாக்கெடுப்பு நிகழ்ந்தது. மறுவருடம் சீனா அதன் சுதந்திரத்தை ஏற்றது. ஒரே பேரரசின் ஈருடைமைகளுள் ஒன்று தனிநாடு ஆயிற்று, மற்றையது மாகாணம் ஆயிற்று. இவ்வேறுபாட்டைத் தீர்மானித்தவை பழைய ஏடுகள் அல்ல. நாடுகளின் ஆட்புல ஒருமைப்பாட்டைப் போற்றும் 1970 ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனமும், பேதமின்றி மக்கள் அனைவரையும் பிரதிநிதித்துவம் செய்யும் அரசாங்கத்தைக் கொண்ட நாட்டுக்கே அப்பாதுகாப்பை அளிக்கின்றது.

திபெத்தில் அத்தகைய அரசாங்கம் உண்டா? 1965 இல் திபெத்துத் தன்னாட்சிப் பிரதேசம் அமைக்கப்பட்டது. அங்கு உண்மையான அதிகாரம் படைத்த கட்சிச் செயலாளர் பதவியிற் திபெத்தியர் ஒருவர் ஒருபோதும் அமர்ந்ததில்லை. தாய்மொழிக் கல்விக்காகச் சட்டவழியே முயன்ற தாஷி வாங்சுக் என்ற வணிகர், அதுபற்றி ஓர் அமெரிக்கப் பத்திரிகையின் ஆவணப்படத்திற் பேசியபின் கைதாகி, பிரிவினையைத் தூண்டினார் என 2018 இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் கோரியது சீன அரசியலமைப்பே ஏற்கும் மொழியுரிமையை மாத்திரம். ஏறத்தாழப் பத்து இலட்சம் திபெத்தியச் சிறுவர் விடுதிப் பாடசாலைகளால் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டுள்ளனர் என 2023 இல் ஐ.நா. நிபுணர்கள் கவலை தெரிவித்தனர். இறைமறுப்பைக் கொள்கையாகக் கொண்ட கட்சியின் அரசு, மறுபிறவி லாமாக்களை அங்கீகரிக்கும் அதிகாரம் தனக்கே உரியதென 2007 இல் விதி இயற்றியது. பள்ளியின் மொழியையும் மதகுருவின் மறுபிறப்பையும் பிறரே தீர்மானிக்கும் இடத்தில், மனித உரிமை வேறு, சுயநிர்ணயம் வேறு எனப் பிரித்துப் பேசுதல் பொருளற்றது.

சுயநிர்ணயம் என்றதும் பிரிவினை என அஞ்சுவோர், உரிமையையும் அதன் பிரயோகத்தையும் ஒன்றெனக் கொள்கின்றனர். மணவிலக்கு உரிமையை ஏற்போர் மணமுறிவை விரும்புவோர் என யாரும் கூறுவதில்லை. தலாய் லாமா 1988 இல் ஸ்ட்ராஸ்பேர்க்கில் வெளியிட்ட திட்டத்திலும், அவரது தூதுவர்கள் 2008 இற் சீனாவிடம் கையளித்த விண்ணப்பத்திலும் சீனாவின் எல்லைக்குள் மெய்யான சுயாட்சியே கோரப்பட்டது. அதற்கும் கிடைத்த விடை மறுப்பே. எனினும், இவ்வுரிமை தலாய் லாமாவுக்கோ தர்மசாலாவிலுள்ள நிர்வாகத்துக்கோ உரியதன்று. அவர்கள் கைவிட்டால் அழிந்துவிடுவதுமன்று. அது திபெத்திய மக்களுக்கு உரியது. பொதுச்சபையின் 1961 ஆம் ஆண்டுத் தீர்மானம் அவ்வுரிமையைப் பெயர் சுட்டிக் கூறிற்று. 2001 இற் சீனா தானே ஏற்று உறுதிசெய்த பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் உடன்படிக்கையின் முதலாம் உறுப்புரையும் எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்றே தொடங்குகின்றது.

பழைய பிரபுக்களும் திபெத்திய மக்களைக் கேட்டு ஆளவில்லை. புதிய அதிகாரிகளும் அவர்களைக் கேட்டு ஆளவில்லை. முதலாவதைக் கண்டிக்கும் குரல் இரண்டாவதைக் கண்டு அடங்கிவிடுமாயின், அக்குரலின் பெயர் முற்போக்கு அன்று.