குழி இல்லை, கூடை உண்டு! தட்டு எறியும் கோல்ப் நம் மாவட்டத்துக்கு ஏற்றதா?

ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒரு இரும்புக் கம்பம். கம்பத்தின் உச்சியிலிருந்து தொங்கும் சங்கிலிகள். சங்கிலிகளுக்குக் கீழே ஒரு கூடை.

சாமான் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு பின்லாந்து நாட்டில் தாத்தா முதல் பேத்தி வரை விளையாடுகிறார்கள். அதன் பெயர் "டிஸ்க் கோல்ப்". தமிழில் தட்டு கோல்ப் என்று சொல்லலாம்.

"கோல்ப் பணக்காரர் ஆட்டம் ஆயிற்றே! மாயவரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள்.

சம்பந்தம் இருக்கிறது. நம் பிள்ளைகள் எங்கே போய் விளையாடுவது? இந்தக் கேள்வி இன்று வீட்டுக்கு வீடு எழுந்திருக்கிறது. தட்டு கோல்ப் அதற்கு ஒரு பதில் சொல்லுகிறது. முழுப் பதில் அல்ல. ஆனாலும் கேட்டுப் பார்க்கத் தகுந்த பதில்.

எப்படி ஆடுவது?

கோல்ப் ஆட்டத்தில் பந்தைக் கோலால் அடித்துக் குழியில் தள்ளுவார்கள். இதில் பந்தும் இல்லை, கோலும் இல்லை, குழியும் இல்லை. தட்டைக் கையால் வீச வேண்டும். அது விழுந்த இடத்துக்கு நடந்து போய், அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். கடைசியில் தட்டு சங்கிலியில் மோதிக் கூடையில் விழ வேண்டும். எத்தனை வீச்சில் விழுந்தது என்பதுதான் கணக்கு. குறைந்த வீச்சில் முடித்தவர் வென்றவர்.

ஒரு கூடையிலிருந்து அடுத்த கூடைக்கு நடக்க வேண்டும். இப்படி 9 கூடைகள் அல்லது 18 கூடைகள். ஆட்டம் முடியும்போது நல்ல நடை நடந்திருப்பீர்கள். ஓட்டம் இல்லை, முட்டி மோதுவது இல்லை. ஆகையால் வயதானவர்களும் ஆடலாம்.

தட்டு எப்படி அவ்வளவு தூரம் பறக்கிறது? பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றுகிற வரையில் பம்பரம் சாய்வதில்லை. தட்டும் அப்படித்தான். சுழற்றி விட்டால் கவிழாமல் போகும். அதன் வளைந்த முதுகின் மேலே ஓடும் காற்று அதைத் தூக்கிப் பிடிக்கும். சுழற்சி குறைந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தரைக்கு வந்துவிடும். எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே தெரிந்து வீசுவதுதான் இந்த ஆட்டத்தின் வித்தை.

பெருமாள் கையில் சக்கரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சிவகங்கைச் சீமையில் வளரி வீசியவர்கள் நம்மவர்கள். தெருவில் கட்டம் கீறிச் சில்லு எறிந்து பாண்டி ஆடாத பெண்கள் நம் ஊரில் உண்டா? குறி பார்த்து வீசுவது நமக்குப் புதிது அல்ல.

ஐந்து காசுத் தட்டுக்கு இருபத்தைந்து காசு

இந்தத் தட்டின் கதை சுவையானது.

அமெரிக்காவில் பிரெட் மாரிசன் என்று ஒருவர். 1938-ம் ஆண்டு வாக்கில் சாண்டா மோனிகா கடற்கரையில் தம் காதலியுடன் கேக் சுடும் தகரத் தட்டை வீசி விளையாடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த ஒருவர், "அந்தத் தட்டுக்கு 25 சென்ட் தருகிறேன்" என்றாராம். கடையில் அதன் விலை 5 சென்ட்! மாரிசனின் மூளை வேலை செய்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் விமானியாகப் போய்த் திரும்பிய பிறகு, பிளாஸ்டிக்கில் பறக்கும் தட்டு செய்ய ஆரம்பித்தார். 1957-ல் அதன் உரிமையை வாம்-ஓ என்ற கம்பெனி வாங்கியது. "பிரிஸ்பி" என்று பெயர் வைத்தது.

ஆனால் தட்டு கோல்ப் இன்னும் பழையது. 1926-லேயே கனடாவில் பிளாட்வொர்த் என்ற சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகள் தகர மூடிகளை வீசி இப்படி ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். பிள்ளைகள் கண்டுபிடித்ததைப் பெரியவர்கள் மறந்துவிட்டு ஐம்பது வருஷம் கழித்து மறுபடி கண்டுபிடித்தார்கள்!

அப்படி மறுபடி கண்டுபிடித்தவர் எட் ஹெட்ரிக். வாம்-ஓ கம்பெனியில் வேலை பார்த்தவர். 1975-ல் கலிபோர்னியாவில் பாசடீனா பக்கத்தில் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிலையான மைதானத்தை அமைத்தார். முதலில் வெறும் கம்பங்களைத்தான் நட்டார். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்று ஓயாத சச்சரவு. அதைத் தீர்க்கத்தான் சங்கிலியும் கூடையும் வந்தன. 1977-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஹெட்ரிக் 2002-ல் இறந்தார். அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகள் செய்தார்கள்! நாம் அஸ்தியைக் காவிரியில் கரைக்கிறோம். அவர் பறக்க விரும்பினார்.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த முதல் மைதானம் இருக்கும் இடம் ஒரு ஆற்றுப் பள்ளம். அரோயோ செக்கோ என்ற ஆற்றின் குறுக்கே 1920-ல் கட்டிய அணைக்கு மேல்புறம், வெள்ளம் வந்தால் தேங்கும் நிலம். அங்கே வீடு கட்ட முடியாது. கடை கட்ட முடியாது. மரம் நிற்கலாம், மனிதர் விளையாடலாம். வேறு எதற்கும் ஆகாத நிலம் என்று விட்டுவைத்த இடத்தில்தான் இந்த ஆட்டம் வேர் பிடித்தது.

இன்று உலகத்தில் இதற்கு 15,000-க்கும் மேற்பட்ட மைதானங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கட்டணமே இல்லை. பின்லாந்து, எஸ்தோனியா, ஐஸ்லாந்து போன்ற சின்ன நாடுகளில் மக்கள் தொகைக்கு மிக அதிகமாக இருக்கின்றன. 2025-ல் தொழில்முறை ஆட்டக்காரர்களின் உலகப் போட்டி பின்லாந்தில் நடந்தது.

தட்டு வீசும் பழக்கம் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் "அல்டிமேட்" என்ற ஆட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடுவார்கள். நடுவர் கிடையாது. தவறு செய்தவரே ஒப்புக்கொள்ள வேண்டும்! இத்தகைய தட்டு விளையாட்டுகளின் உலகச் சம்மேளனத்தை 2015-ல் ஒலிம்பிக் கமிட்டி அங்கீகரித்தது.

மட்டை வந்தது, மைதானம்?

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

மயிலாடுதுறை 2020-ல் தனி மாவட்டம் ஆயிற்று. மயிலாடுதுறை, குத்தாலம், சீர்காழி, தரங்கம்பாடி என்று நான்கு தாலுகாக்கள். ஒரு பக்கம் கடல். வடக்கே கொள்ளிடம். நடுவில் எல்லாம் நெல்வயல். 2020-ல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகவும் ஆயிற்று.

இங்கே வெறும் நிலம் என்பது அபூர்வம். சாதாரண கோல்ப் மைதானம் ஒன்றுக்கு 100 ஏக்கருக்கு மேல் வேண்டும். புல்லுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று விவசாயி வாய்க்காலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊரில் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. தட்டு கோல்புக்கு 9 கூடை வைக்க ஒரு வேலி, ஒன்றரை வேலி இருந்தால் தாராளம். மேடு பள்ளம் இருந்தாலும் சரி. மரம் குறுக்கே நின்றால் இன்னும் நல்லது; ஆட்டம் சுவையாகும். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

விளையாட்டுக்காக அரசாங்கம் செலவு செய்யாமல் இல்லை. தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்கம் என்று 2022-ல் அறிவித்தார்கள். 2024-ல் ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் வழங்கும் திட்டம் தொடங்கியது. மட்டை வந்தது, பந்து வந்தது, வலை வந்தது. நல்ல காரியம். ஆனால் வலையைக் கட்ட இடம்? அதுதான் பல ஊர்களில் கஷ்டம்.

முன்பு ஊருக்கு ஊர் மந்தைவெளி இருந்தது. மேய்ச்சல் புறம்போக்கு இருந்தது. களத்துமேடு இருந்தது. மாடு குறைந்ததும் மந்தைவெளி சுருங்கியது. அறுவடை இயந்திரம் வந்ததும் களத்துமேட்டில் வேலை குறைந்தது. யாரோ வேலி போட்டார்கள். யாரும் கேட்கவில்லை.

கேட்கச் சட்டம் உண்டு. 2011 ஜனவரி 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொல்லியது. பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தை ஆக்கிரமித்த வழக்கு. ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமிப்புக்காரரிடமிருந்து மீட்டு ஊராட்சியிடம் திருப்பிக் கொடுக்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு போட்டது. மீட்ட நிலம் மறுபடி பறிபோகாமல் இருக்க என்ன வழி? அதில் மனிதர் நடமாட வேண்டும். காலையில் நாலு பேர், மாலையில் நாற்பது பேர் வந்து போகிற இடத்தில் யாரும் இரவோடு இரவாக வேலி போட மாட்டார்கள். தட்டு கோல்பை நான் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், பெண் பிள்ளைகள். இருக்கிற மைதானத்தையும் வாலிபர்களின் கிரிக்கெட் பிடித்துக்கொள்கிறது. வயது வந்த பெண் அங்கே போய் நிற்கத் தயங்குகிறாள். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று நாலு பேராக நடந்துகொண்டே ஆடும் ஆட்டத்தில் அவளுக்குக் கூச்சம் இருக்காது. தனியே ஒரு மூலையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதும் இல்லை.

எங்கே ஆடலாம்?

மயிலாடுதுறை மாவட்டத்தில் தட்டு கோல்ப் மைதானம் இன்னும் இல்லை. போட்டால் எங்கே போடலாம்?

நகரத்துக்குள் ராஜன் தோட்டத்து மைதானம் இருக்கிறது. அது ஓட்டப் பயிற்சிக்கும் பந்தாட்டத்துக்கும் உரிய இடம். பறக்கும் தட்டுக்கு அது வேண்டாம். கூட்டத்தில் யார் தலையிலாவது படும்.

மரங்கள் அடர்ந்த கல்லூரி வளாகங்கள் முதல் முயற்சிக்குத் தகுந்தவை. மன்னம்பந்தலில் 1955-ல் தொடங்கிய ஏ.வி.சி. கல்லூரி போன்ற பெரிய வளாகங்களைச் சொல்லலாம். சுற்றுச்சுவர் உண்டு. கற்றுக்கொடுக்க ஆசிரியர் உண்டு. சாமானைப் பூட்டி வைக்க அறையும் உண்டு.

ஆனால் என் மனதுக்குப் பிடித்த இடம் கடற்கரைச் சவுக்குத் தோப்புதான். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அடித்த பிறகு இந்தக் கரையில் சவுக்கு நடுவதில் எல்லோருக்கும் அக்கறை வந்தது. பூம்புகார், திருமுல்லைவாசல் பக்கம் போய்ப் பாருங்கள். கீழே புதர் அதிகம் இல்லாத மணல் தரை. வரிசையாக மரம். மேலே நிழல். தோப்பு கடற்காற்றையும் தடுக்கிறது. சந்து பார்த்துத் தட்டை வீச இதைவிட வேறு இடம் வேண்டுமா? வனத்துறையோ உடையவரோ அனுமதித்தால் சிமெண்ட் ஒரு சட்டி கூடப் போடாமல் காரியம் முடியும்.

மணற்பரப்புக்கு மட்டும் போகக் கூடாது. தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் கடல் ஆமைகள் முட்டையிட வருகின்றன. கூழையாரில் வனத்துறை அந்த முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறது. அந்த மணலைக் கம்பம் நட்டுக் குத்தக் கூடாது.

தரங்கம்பாடிக்கு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறவர்கள் பலர். 1620-ல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டைக்கு முன்னால் வெளி பரந்து கிடக்கிறது. பார்த்தவுடன் கை துறுதுறுக்கும். வேண்டாம்! அது பழம்பெருமைச் சின்னம். மேலும், பிற்பகலில் காற்று தட்டை எங்கே கொண்டு போகும் என்று சொல்ல முடியாது. இந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை தண்ணீரில் மிதக்காது, மூழ்கிவிடும்.

கொள்ளிடக் கரைப் படுகை நிலம் அந்தக் கலிபோர்னியா ஆற்றுப் பள்ளத்துக்கு அண்ணன் தம்பி போன்றது. வெள்ளம் வந்தால் முழுகும். வடிந்தால் தோப்பும் துரவுமாகக் கிடக்கும். ஆனால் அங்கே குடியிருக்கும் ஜனங்கள் உண்டு. வெள்ளத்தில் வீடு இழந்து மேட்டுக்கு வந்து தங்கியவர்கள் அவர்கள். அவர்கள் பயிர் வைக்கும் துண்டு நிலத்தை விளையாட்டுக்குக் கேட்பது நியாயம் அல்ல. கரையோரத்துப் புறம்போக்கில் ஊர்க்காரர் சம்மதித்தால் மட்டும் ஆடலாம். புதரில் பாம்பு இருக்கும். தட்டைத் தேடும்போது குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விட வேண்டும்.

வயலில் ஆடலாமா?

சம்பா அறுவடை ஆனதும் வயலெல்லாம் கிரிக்கெட் மைதானம் ஆகிவிடுகிறதே, அங்கே ஆடலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். தாளடியில் உளுந்தும் பயறும் தெளித்த வயலில் கால் வைக்கக் கூடாது. எதுவும் தெளிக்காமல் தரிசாகக் கிடக்கும் வயலில், உடையவரைக் கேட்டுக்கொண்டு, மாசியிலிருந்து வைகாசி வரை ஆடலாம். ஜூன் 12-ந் தேதி மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள் கம்பத்தைப் பிடுங்கிவிட வேண்டும். முளைத்த பயிரை மிதித்துத் தட்டெடுக்கும் பையனை எந்த மிராசுதாரும் வாழ்த்த மாட்டார்!

ஐப்பசி, கார்த்திகையில் ஆட்டமே கிடையாது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டி மீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

கொல்லர் பட்டறையே போதும்

கடையில் விற்கும் கூடை விலை அதிகம். நம் ஊர்க் கொல்லர் பட்டறையிலேயே செய்துவிடலாம். பழைய சைக்கிள் ரிம் ஒன்று மேலே. அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு சங்கிலி. நடுவே ஒரு குழாய். கீழே இரும்புக் கம்பி முடைந்த கூடை. அதற்கும் பணம் இல்லையா? மரத்தில் பழைய டயரைத் தொங்க விடுங்கள். தட்டு டயருக்குள் புகுந்தால் கூடையில் விழுந்த கணக்கு.

தட்டை மட்டும் நல்லதாக வாங்க வேண்டும். கடற்கரையில் விற்கும் விளையாட்டுத் தட்டு வேறு, இது வேறு. இது சின்னது, கெட்டியானது, விளிம்பு கூர்மையானது. எடை 150 முதல் 180 கிராம் வரை. வேகமாக வந்து முகத்தில் பட்டால் பல் போகும். ஆகையால் எதிரே ஆள் இருந்தால் வீசக் கூடாது. சாலையைக் கடந்து வீசக் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு எடை குறைந்த தட்டுதான் கொடுக்க வேண்டும். முதல் நாள் இருபது அடி தூரத்தில் கூடையை வைத்துப் பழகுங்கள். கையை வீசாமல் மணிக்கட்டைச் சுண்டினால் தட்டு நேரே போகும்.