பந்துக்குச் சங்கம் உண்டு, ஆளுக்குக் கிடையாது



ஃபுட்பால் பிறந்த கதையை எந்த விளையாட்டு மலரில் படித்தாலும் ஒரே பாதைதான். பழைய சீனாவின் சூஜூ, அப்புறம் இங்கிலாந்தின் பணக்காரப் பள்ளிக்கூடங்கள், 1863 அக்டோபரில் லண்டன் விடுதி ஒன்றில் கூடிச் சங்கம் ஆரம்பித்த கனவான்கள். கத்தாருக்கு அதில் ஒரு வரி கிடைக்கும்: 1940-களின் கடைசியில் துக்கான் எண்ணெய் வயலுக்கு வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் பந்தைக் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான். அடுத்த வரியில் 2022 வந்துவிடும், மைதானத்துக்கு ஏசி போட்டிருப்பார்கள்.

அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை. வேலைக்கு வந்தவர்கள் ஆடினார்கள் என்றால், எந்த நேரத்தில் ஆடினார்கள்? அந்த நேரத்தை யார் கொடுத்தது, இல்லை யார் பிடுங்கி எடுத்தது?

நான் தோஹாவில் பிறந்து அல் கோரில் வளர்ந்தவள். அப்பா ராஸ் லஃபானில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். தெரியாதவர்களுக்கு: தோஹாவிலிருந்து வடக்கே 80 கிலோமீட்டர், கடலடி எரிவாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலேற்றும் இடம். முதல் கப்பல் 1996 கடைசியில் ஜப்பானுக்குப் போனது. பேர்ல் ஜிடிஎல் ஆலை கட்டும்போது உச்சத்தில் 52,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். குடும்ப விசா இருந்த எங்கள் குவார்ட்டர்ஸில் புல்தரை இருந்தது. அப்பாவோடு வேலை செய்த சாரம் கட்டுகிற அண்ணன்மார் தங்கிய கேம்ப்பில் சரளைக்கல்லும், கோல்போஸ்ட்டுக்கு ரெண்டு ட்ரம்மும். அவர்களில் பலர் தூத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். குமரி மாவட்டத்தின் அந்த மீனவ ஊர்களில் பிள்ளைகள் கடற்கரை மணலிலேயே பந்து பழகுகிறவர்கள், சந்தோஷ் டிராபி வரைக்கும் ஆள் அனுப்பிய ஊர்கள்.

அவர்கள் ஆடுவது வெள்ளிக்கிழமை. ஷட்டவுன் வேலை வந்தால் வெள்ளியும் கிடையாது.

இங்கிலாந்தில் அது சனிக்கிழமையாக இருந்தது. 1850 தொழிற்சாலைச் சட்டம் துணி ஆலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனி மதியம் 2 மணியோடு வேலையை முடித்தது. அந்த அரைநாள் மெல்ல மற்றவர்களுக்கும் பரவியது. சனி மதியம் மேட்ச் நடப்பது அதனால்தான். கனவான்கள் விதி எழுதினார்கள், சரி. ஆனால் ஊரே திரண்டு பார்க்கிற ஆட்டமாக அதை ஆக்கியது வேலை நேரத்துக்காகப் போராடியவர்கள். 1883-ல் நெசவாளர்களும் பிளம்பரும் இருந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களை 2-1 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது. அந்த அணிக்கும் காசு கொடுத்தவர் ஓர் இரும்பு ஆலை முதலாளிதான், அதையும் சொல்லியாக வேண்டும். இன்றைய வெஸ்ட் ஹாம், 1895-ல் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் கப்பல் பட்டறையின் முதலாளி ஆதரவில் தொடங்கிய அணி. கம்பெனி ஜெர்சி நூறு வருஷத்துக்கு மேல் பழைய சரக்கு.

ஆனால் அந்த ஜெர்சிக்குள் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1907 டிசம்பரில் மான்செஸ்டரில் ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்தார்கள். பில்லி மெரடித் முன்னால் நின்றார். அப்போது வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது விதி. 1909-ல் எஃப்.ஏ., சங்கத்தை விட்டு வெளியே வா, இல்லையென்றால் தடை என்றது. மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் மறுத்தார்கள். 'அவுட்காஸ்ட்ஸ் எஃப்.சி.' என்று பலகை எழுதிவைத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். சங்கம் பிழைத்தது. சம்பள உச்சவரம்பு உடைய 1961 ஆனது, அதுவும் ஸ்ட்ரைக் மிரட்டலுக்குப் பிறகு.

இந்த ஆட்டத்தின் முழுப்பெயரே அசோசியேஷன் ஃபுட்பால். தமிழில் ரெண்டுக்கும் ஒரே சொல்தான், சங்கம். கத்தாரில் கால்பந்துச் சங்கம் 1960-ல் வந்தது. துக்கானில் எண்ணெய்த் தொழிலாளர்கள் 1950-களிலேயே திரும்பத் திரும்ப வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். 1963-ல் அது பெரிதானபோது தலைவர்களைச் சிறையில் போட்டார்கள், நாடு கடத்தினார்கள். 2004-ன் தொழிலாளர் சட்டம் சங்க உரிமையைக் கத்தார் குடிமக்களுக்கு மட்டும் வைத்திருக்கிறது. வேலை செய்கிறவர்களில் மிகப் பெரும்பான்மையோர் குடிமக்கள் கிடையாது. அப்போ அந்தச் சட்டம் யாருக்கு?

2013-லிருந்து 'வொர்க்கர்ஸ் கப்' நடக்கிறது. 2017-ல் அதைப் பற்றி ஆவணப்படமும் வந்தது. அணிகள் எல்லாம் கம்பெனி பெயரில். பதினொரு பேர் சேர்ந்து பந்து ஆடலாம். அதே பதினொரு பேர் சேர்ந்து சம்பளம் பேச முடியாது. மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் ஒரு சப்ளை கம்பெனி டீமில் ஆடினார். மூணு மாசச் சம்பளம் வரலை. டீம்ல இருந்த நாலு பேர் சேர்ந்து கேம்ப் ஆபீஸுக்குக் கேக்கப் போனாங்க. அடுத்த வாரம் நாலு பேரும் நாலு கேம்ப்புக்கு. டீமும் போச்சு. "பந்து பாஸ் பண்ணத் தெரிஞ்சவனுக்குப் பேச்சும் பாஸ் பண்ணத் தெரியும்னு அவனுக்குப் பயம், பாப்பா" என்றார் என்னிடம்.

நம் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். 2022-ல் நாம் எல்லோரும் பகிர்ந்தது ஒரே எண், 6,500. கார்டியன் கணக்கிட்டது ஐந்து தெற்காசிய நாட்டவரின் பத்தாண்டு மரணங்கள் மொத்தத்தையும். அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை ஒழுங்காக விசாரிக்கப்படவே இல்லை, அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நம் பதிவுகளில் தொழிலாளி சவப்பெட்டியில் மட்டும்தான் வந்தார். நவம்பர் 20 அன்று அல் பைத் மைதானத்தில் கத்தார் ஈக்வடாரிடம் 2-0 என்று தோற்ற இரவு, அரை மணி பஸ் தூரத்தில் ராஸ் லஃபானில் நைட் ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர்களுக்கு அந்த ஆட்டத்தைப் பற்றிக் கருத்து உண்டு. நாம் கேட்கவில்லை. ஃபுட்பால் வெறும் அபின் என்று எழுதிய தோழர்கள் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

சீர்திருத்தம் வந்ததே என்பார்கள். வந்தது. 2020-ல் வேலை மாற முதலாளியின் அனுமதிக் கடிதம் தேவையில்லை என்றானது. 2021-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். தொழிலாளர்களும் நிர்வாகமும் சேர்ந்த கூட்டுக்குழுக்களும் சில கம்பெனிகளில் உண்டு. குழுவைக் கூட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற கையில்தான் விசாவும் இருக்கிறது. அதைச் சங்கம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

2034 உலகக் கோப்பை சவூதிக்கு. அங்கேயும் தொழிற்சங்கத்துக்குத் தடை. நமது அறிக்கை வரைவில் இழப்பீடு முதல் பத்தியிலும் சங்க உரிமை நாலாவது பத்தியிலும் இருக்கிறது. நாலாவதை மேலே கொண்டுவரச் சொல்லித் திருத்தம் எழுதியிருக்கிறேன், கூடவே வாரம் ஒரு முழுநாள் விடுமுறை என்ற கோரிக்கையையும் சேர்த்து. ஞாயிறு கூட்டத்துக்கு முன்னால் எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன். எதிர்ப்பவர்கள் நேரில் வந்து சண்டை போடுங்கள்.