கட்டியங்காரன் இல்லாத பள்ளிக்கூடம்

உள்ளூர்க் கலைகளை ஆரம்பப் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. அதை எதிர்ப்பவர்களும் சொல்கிறார்கள். எல்லோரும் ஒருமனதாய் ஒத்துக்கொள்ளும் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

செய்யாறு பக்கம் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் பார்த்தேன். கூத்துக் குடும்பத்துப் பையனுக்கு மட்டும் அட்டைக் கிரீடம் கட்டி, ஐந்து நிமிஷம் துரியோதனனாக ஆடவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். 'ரத்தத்திலேயே ஊறினது' என்றார் மேடைப் பிரமுகர். பாரதக் கூத்து நடக்கும் மாதங்களில் அப்பாவோடு விடியவிடிய விழித்துவிட்டு வகுப்பில் தூங்கும் அதே பையன், வருஷம் முழுவதும் அங்கே 'மக்கு'. கூத்துப் பாட்டுகள் அவனுக்கு மனப்பாடம். அதற்கு மார்க் கிடையாது.

1953-இல் ராஜாஜியின் திட்டம் கிராமத்து ஆரம்பப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்சப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று எதிர்ப்புக் கிளம்பியது. 1954-இல் காமராஜ் முதல்வரானதும் அது போயிற்று. கூத்தாடி பிள்ளை கூத்தாடவும், பறையடிப்பவர் பிள்ளை பறையடிக்கவும், மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்கவும் ஏற்பாடு செய்வது வேறென்ன? குலக்கல்விக்கே ஜிகினா ஒட்டியிருக்கிறோம்.

மரபு பள்ளிக்குள் வருவதானால் பறை எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் வரவேண்டும். ஊர்த்தெருப் பிள்ளை தாளம் தவறி, காலனிப் பிள்ளையிடம் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு எத்தனை ஊர்கள் தயார்?

இன்னொன்று. கூத்தில் திரை விலகி ராஜா வந்ததும் 'நீர் யார்?' என்று கேட்பவன் கட்டியங்காரன். விருத்தத்தின் அர்த்தத்தை ஊர்ப் பேச்சில் சொல்பவனும், ராஜாவையே கேலி செய்பவனும் அவன்தான். அவனைவிட நல்ல ஆரம்பப் பள்ளி வாத்தியாரை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடமோ கிரீடத்தை மட்டும் கேட்கிறது. அவனும் கூட வந்தால் முதல் கேள்வி தலைமையாசிரியரிடம், அடுத்தது பிரமுகரிடம்.

'கூத்து' என்று ஒரு பாடம் சேர்த்து, 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று முடிப்பதானால், தயவுசெய்து அதைத் திரௌபதி அம்மன் கோயில் வாசலிலேயே விட்டுவிடுங்கள்.