கீழ்த்தளத்தில் யார் வீட்டு விசேஷம்?

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளுள் பெரும்பாலானவற்றின் அடியில் வீடுகள் இல்லை. தூண்கள் மட்டும் நிற்க, நாற்புறமும் திறந்து கிடக்கும் அவ்விடத்தைக் கீழ்த்தளம் என்கிறார்கள். தோ பாயோவில் ஒன்பதாம் மாடியில் குடும்பத்தோடு குடியிருக்கும் நமக்குச் சொந்த ஊர் மட்டக்களப்புப் பகுதி ஆரையம்பதி. வளவும் வேலியும் படலையுமாக வாழ்ந்து வந்த நம் இல்லத்தரசியார், அத்தளத்தைக் கண்ட முதல் நாளே, "இதிலே நாலு குடும்பம் இருக்கலாமே!" என்றார்.

காலையில் சன்னலைத் திறந்தால் எதிர்மாடிகளில் மூங்கிற் கழிகள் நீண்டு, துணிகள் காற்றில் ஆடும். சில நாட்களில் பழைய பத்திரிகை வாங்குபவர் ஊதுகுழலை அழுத்திக்கொண்டு வருவார். இவையெல்லாம் பழகிவிட்டன. பழகாதது கீழ்த்தளந்தான்.

ஒரு சனிக்கிழமை அங்கே மலாய்க்காரர் கலியாணம். பெரிய அண்டாக்களில் சோறு வேகும். மாப்பிள்ளையைக் கொம்பாங் என்னும் கைப்பறை கொட்டி அழைத்து வருவர். அடுத்த வாரம் அதே தூண்களிடையே சீனர் வீட்டு மரணச் சடங்கு. மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்பட நாள் வைத்து, இரவும் விழித்திருந்து பூதவுடலைக் காப்பார்கள். துக்கம் விசாரித்துத் திரும்புவோருக்குச் சிவப்பு நூல் தருவது வழக்கம். கடைக்குப் போவதானாலும் பள்ளிக்குப் போவதானாலும் இவற்றைக் கடந்துதான் போக வேண்டும். அயலவர் வீட்டு நன்மை தீமையை அறியாதிருக்க இங்கே வழியில்லை.

இதைக் கண்டு, இந்நாட்டு மக்கள் பிறவியிலேயே ஒற்றுமையானவர்கள் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். 1964 ஆம் ஆண்டில் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே இரு முறை கலவரம் மூண்டு 36 பேர் மாண்டனர். பின்னர் 1989 இல், ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று அரசு வரையறுத்தது. சீனர் பங்கு நிரம்பிய கட்டடத்தில் தமிழர் ஒருவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் தொகை சுருங்குவதால் விலையும் இறங்குவதுண்டு. சிறுபான்மையினரே இந்நட்டத்தைக் கூடுதலாகச் சுமக்கிறார்கள் என்ற முறைப்பாடு நியாயமானதே. ஆகவே இந்த அயலுறவு அன்பினால் மட்டும் விளைந்ததன்று. சட்டம் பிடித்துத் தள்ளியும் வந்தது.

நமது ஊரை நினைக்கும்போதுதான் மனம் கனக்கிறது. ஆரையம்பதிக்கு வடக்கே காத்தான்குடி. ஒன்று முடியும் இடத்தில் மற்றது தொடங்குகிறது. இங்குள்ள அயலவரோடு நமக்கு மொழியும் பொதுவன்று, முறையும் பொதுவன்று. அங்கேயோ தமிழரும் முஸ்லிம்களும் பேசுவது ஒரே தமிழ். தாய்வழி வரும் குடிமுறை இருவருக்கும் உண்டு. மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அவ்வீட்டுக்கு அழைக்கும் வழக்கமும் உண்டு. இத்தனை ஒப்புமையும் 1990 இல் உதவவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 3 ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் பிள்ளைகளும் பெண்களுமாகத் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். அந்நாட்களில் எல்லையோரக் குடும்பங்கள் பட்ட பாட்டை இரு பக்கத்து முதியோரும் அறிவர்.

போர் 2009 இல் முடிந்துவிட்டது. சந்தையில் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. ஆயினும் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று வேறு வேறாகவே படிக்கிறார்கள். ஒரே தெருவழியே முப்பது வருடம் போய்வந்தும் அடுத்த ஊர்க் கலியாண வீட்டின் உள்ளே கால் வைக்காதவர் எத்தனை பேர்! ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இதுவே பெருங்குறையாகத் தோன்றுகிறது. வீட்டுக்கு விழுக்காடு வகுக்கும் சட்டம் நம் வளவுகளுக்குப் பொருந்தாது. ஒரே வகுப்பறையில் அருகருகே வாங்கு போடுவதற்கு அப்படியொரு சட்டமும் வேண்டியதில்லை.

எட்டு வயது நிரம்பிய நம் மகள், கொம்பாங் ஒலி கேட்டால் மின்தூக்கிக்கு ஓடுகிறாள். சீனர் சடங்கு நடக்கும் நாளில் கீழ்த்தளத்தைக் கடக்கையில் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். இதை நாம் கற்பிக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை நான்காம் மாடி மலாய் வீட்டாருக்குக் கலியாணம். குடும்பத்தோடு வரும்படி நேரில் வந்து அழைத்தார்கள். மகள் சட்டையை எடுத்து வைத்துவிட்டாள். உறையில் எவ்வளவு வைத்துக் கொடுப்பது என்பதில்தான் நமக்கும் இல்லத்தரசியாருக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.