எலியின் ஈரலும் நோயாளியின் ஈரலும்

சீந்தில் மூலிகை பாதுகாப்பானது, கிடைத்துள்ள தரவுகளின்படி அதனால் எந்த நச்சு விளைவும் இல்லை. 2022 பிப்ரவரியில் ஒன்றிய ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையின் சாரம் இதுதான். சீந்திலையும் கல்லீரல் பாதிப்பையும் முடிச்சுப் போடுவது திசைதிருப்பும் வேலை என்று 2021 ஜூலையிலும் இதே அமைச்சகம் சொல்லியிருந்தது. ஓர் அரசுத் துறை இவ்வளவு அறுதியிட்டுப் பேசினால் கையில் வலுவான சான்று இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அறிக்கையைப் பிரித்துப் பார்த்தால் கிடைப்பவை மூன்று: நீர்ச்சாற்றின் உடனடி நச்சுச் சோதனை; ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பு, ஈரல் காப்பு, நரம்புக் காப்பு, எலும்புக் காப்பு என்று நீளும் ஒரு குணப்பட்டியல்; பழ ஈக்களில் நடந்த ஓர் ஆய்வு. இவற்றை வைத்து அமைச்சகம் மறுக்கப் புறப்பட்டது மஞ்சள் காமாலையோடு மருத்துவமனைக்கு வந்த மனிதர்களை.

அந்த மனிதர்கள் எப்படி வந்தார்கள்? 2020-இல் கொரோனா அச்சத்தில் நாடே நோய் எதிர்ப்பு சக்தியைத் தேடி அலைந்தது. அந்த அக்டோபரில் ஆயுஷ் அமைச்சகமே வெளியிட்ட கொரோனா சிகிச்சை நெறிமுறையிலும் சீந்தில் இடம்பெற்றது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பை மருத்துவர்கள் ஆறு நோயாளிகளைப் பார்த்தார்கள். ஆறு பேரும் சீந்தில் சாப்பிட்டவர்கள், ஆறு பேருக்கும் கல்லீரல் பாதிப்பு. அடுத்து, நாட்டின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து 43 நோயாளிகளின் விவரங்களை 2022-இல் வெளியிட்டன. சாப்பிடத் தொடங்கியதற்கும் அறிகுறி தென்பட்டதற்கும் இடையிலான இடைநிலைக் காலம் 46 நாள். 23 பேரிடம் ஈரல் திசு எடுத்துச் சோதித்ததில், உடலின் எதிர்ப்பு மண்டலமே ஈரலைத் தாக்கும் வகை அழற்சியின் அடையாளங்கள் தெரிந்தன. பலருக்கு அதுவரை வெளியே தெரியாத ஈரல் நோய் உள்ளே இருந்திருக்கிறது; சீந்தில் அதைக் கிளறிவிட்டது என்பது ஆய்வாளர்களின் முடிவு.

இப்போது அமைச்சகத்தின் சான்றுகளுக்கு வருவோம். உடனடி நச்சுச் சோதனை என்றால் என்ன? ஆரோக்கியமான எலிக்கோ சுண்டெலிக்கோ ஒரே ஒரு பெரிய அளவு மருந்தைக் கொடுத்து, 14 நாள் வரை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. அதன் வேலை அவ்வளவுதான். பதினான்கு நாளில் மூடப்படும் பதிவேட்டை வைத்துக்கொண்டு, நாற்பத்தாறாம் நாளில் வந்த காமாலை பொய் என்கிறது அமைச்சகம். தேர்வு முடிவு சரியாகவே இருக்கலாம். கேட்ட கேள்வி வேறு.

இரண்டாவது சான்று அந்தக் குணப்பட்டியல். ‘ஈரல் காப்பு’ என்ற சொல் எப்படிப் பிறக்கிறது என்பதை உயிர்வேதியியல் படித்த எந்த முதுகலை மாணவரும் சொல்வார். விஸ்டார் எலிகள், குழுவுக்கு ஆறு. ஒரு குழுவுக்குச் செடியின் சாற்றைச் சில நாட்கள் முன்கூட்டியே கொடுப்பார்கள். பிறகு ஈரலைக் கெடுக்கும் கார்பன் டெட்ராகுளோரைடு. ஈரல் சேதத்தைக் காட்டும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி நொதிகள் எகிறும், குளுட்டாதயோன் குறையும், கொழுப்புச் சிதைவின் எச்சமான மலோன்டைஆல்டிஹைடு ஏறும். சாறு குடித்த எலிகளில் இந்த மாற்றங்கள் குறைவாக இருந்தால் கட்டுரை தயார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடு வந்தவுடன் ஈரலைச் சிதைத்துவிடுவதில்லை. ஈரலில் உள்ள சைட்டோகுரோம் பி450 2இ1 என்ற நொதி அதை உடைத்து, ட்ரைகுளோரோமெத்தில் என்ற, எதையும் தாக்கும் தனியுறுப்பாக மாற்றிய பிறகே சேதம் தொடங்கும். ஆகவே அந்த நொதியின் வேலையைக் கெடுக்கும் எந்தப் பொருளும் எலியைக் காப்பாற்றும். தனியுறுப்புகளை உறிஞ்சும் எந்தப் பொருளும் காப்பாற்றும். பெரும்பாலும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தால் உண்டாகும் ஒரு நோயை வேண்டுமென்றே உருவாக்கிவிட்டு, ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பான் அதைத் தணித்தது என்று வியப்பது, தீ வைத்தவனே வாளியோடு ஓடிவந்து பாராட்டு வாங்குவதைப் போன்றது. நோயாளிகள் யாரும் கார்பன் டெட்ராகுளோரைடு குடித்துவிட்டு வரவில்லை. அவர்கள் குடித்தது சீந்தில். ஒரு நஞ்சிலிருந்து எலியைக் காத்த பொருள் தானே ஒரு சிலருக்கு நஞ்சாகாது என்று இந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பு என்றாலே நன்மை என்ற நம்பிக்கையும் மனிதர்களிடம் வந்து உடைந்த நம்பிக்கைதான். அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களும் கல்நார்த் தொழிலாளர்களுமாக 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் சோதிக்கப்பட்டன. 1996 ஜனவரியில் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது: மருந்து எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மரணம் 17 சதவீதமும் அதிகம். பிற்காலத்தில் வைட்டமின் ஈ சோதனையில் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது. இத்தனைக்கும் பிறகு ஓர் அமைச்சகம் 2022-இல் ‘ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பு’ என்ற சொல்லைப் பாதுகாப்புச் சான்றிதழ்போல நீட்டுகிறது.

எலி தாங்கியதை மனிதன் தாங்குவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பது மூலிகைக்கு எதிராக யாரோ புனைந்த விதி அல்ல. 1993-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஃபியாலுரிடின் என்ற ஹெபடைடிஸ் பி மருந்து 15 பேரிடம் சோதிக்கப்பட்டது. விலங்குச் சோதனைகள் ஈரலுக்கு ஆபத்து இருப்பதைக் காட்டவில்லை. ஏழு பேருக்கு ஈரல் செயலிழந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். நீரிழிவு மருந்தான ட்ரோகிளிட்டசோன் விற்பனைக்கு வந்த பிறகு ஈரலைக் கெடுத்து, 2000-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அந்த மருந்துகளை எலியின் பெயரால் யாரும் காப்பாற்றவில்லை. சீந்திலுக்கு மட்டும் ஏன் தனி நீதி?

இன்னும் ஒன்று. சீந்தில் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்பதுதானே அதை விற்றவர்கள் முன்வைத்த பெருமை? தூண்டும் என்றால், எதிர்ப்பு மண்டலம் ஏற்கெனவே சொந்த ஈரலையே பகையாக நினைக்கும் ஒருவரிடம் என்ன நடக்கும் என்று கேட்டிருக்க வேண்டாமா? எலிக்கூட்டில் அப்படிப்பட்ட நோயாளி இல்லை. ஒரே மரபில், ஒரே வயதில், ஒரே தீனியில் வளர்ந்த ஆரோக்கியமான எலிகள் அவை. தூண்டுதலை விளம்பரத்துக்கு வைத்துக்கொண்டு அதன் விளைவை மட்டும் மறுப்பது எந்த மருத்துவ மரபிலும் செல்லாது.

பழ ஈ ஆய்வு இந்த அறிக்கையின் உச்சம். குறைந்த அளவு சீந்தில் பொடி ஈக்களின் ஆயுளைக் கூட்டியது, அளவு கூடக்கூட ஆயுள் குறைந்தது என்று அமைச்சகமே எழுதுகிறது. சரியான அளவில் எடுத்தால் நன்மை என்பது அதிலிருந்து அது எடுக்கும் பாடம். அப்படியானால் அளவு மீறினால் தீமை உண்டு என்றுதானே பொருள்? எந்த நச்சு விளைவும் இல்லை என்று ஒரு பத்தியில் எழுதிவிட்டு, மறு பத்தியில் செத்த ஈக்களை எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். மனிதனுக்கு அந்தச் சரியான அளவு எவ்வளவு, எத்தனை நாள், யார் எடுக்கக் கூடாது என்ற கேள்விகளுக்கு ஈ பதில் சொல்லாது.

நோயாளிகள் சாப்பிட்டது சீந்திலே இல்லாமல், அதன் உறவுச் செடியான டினோஸ்போரா கிரிஸ்பாவாக இருக்கலாம் என்பது 2021-இல் அமைச்சகம் சொன்ன சாக்கு. இது பரிசீலிக்க வேண்டிய வாதம்தான். கிரிஸ்பா ஈரலைக் கெடுப்பது தெரிந்த செய்தி. ஆனால் 13 மையங்களின் ஆய்வில், கிடைத்த மாதிரிகளை வேதியியல், நச்சியல் பகுப்பாய்வுக்கு அனுப்பினார்கள். அதை விட்டுவிட்டாலும், இந்தச் சாக்கு திரும்பி வந்து சொன்னவரையே குத்துகிறது. ஆபத்தான போலிச் செடி ஒன்று புழக்கத்தில் இருப்பது தெரியும் என்றால், நாட்டு மக்களுக்குச் சீந்திலைப் பரிந்துரைத்த நாளிலேயே ஏன் எச்சரிக்கவில்லை?

43 பேர் சிறிய எண்ணிக்கை என்பார்கள். உண்மை. ரூகாம் என்ற காரண அளவுகோலில் அவர்களின் இடைநிலை மதிப்பெண் 7. மருந்தே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற வகை அது, ஐயத்துக்கே இடமில்லை என்ற வகை அல்ல. அமைச்சகம் பாதிப்பு அரிது என்று சொல்லியிருந்தால் இந்த எதிர்வினைக்கே வேலை இருந்திருக்காது. இல்லவே இல்லை என்றது. நூற்றாண்டுகளாகப் பயன்படுத்துகிறோம் என்ற வாதமும் இங்கே உதவாது. அரிதாக ஒருவருக்கு, ஒன்றரை மாதம் கழித்து வரும் காமாலையை எந்த வைத்தியரும் செடியோடு இணைத்துப் பார்த்திருக்க முடியாது. அதற்குக் கணக்கெடுப்பு வேண்டும்.

மூலிகையை எப்படிச் சோதிப்பது என்பதற்கு நம் ஊரிலேயே முன்னுதாரணம் உண்டு. கீழாநெல்லியை 1987-இல் வுட்சக் என்ற கொறிவிலங்கில் சோதித்தார்கள். அதோடு நிற்காமல், சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் மனிதர்களிடம் போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள்: ஹெபடைடிஸ் பி கிருமியின் அடையாளம் கீழாநெல்லி எடுத்தவர்களில் 59 சதவீதத்தினரிடம் மறைந்தது, மற்றவர்களில் 4 சதவீதத்தினரிடம். பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனாலும் கேள்வியை மனிதரிடம் கொண்டுபோனார்கள், தோற்கவும் தயாராக இருந்தார்கள். அறிவியல் நடந்தது அங்கே. சீனாவில் து யூயூ ஆர்ட்டெமிசினினை எலியிலும் குரங்கிலும் பார்த்துவிட்டு, நோயாளிகளுக்குத் தருமுன் தானே விழுங்கினார். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த அந்த மூலிகை மருந்து மலேரியாக் கிருமியைக் கொல்வது தனியுறுப்புகளை உண்டாக்கித்தான் என்பது, ‘ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பு’ மந்திரம் ஓதுபவர்கள் யோசிக்க வேண்டிய செய்தி.

மூலிகையை மதிப்பவர்கள் அதன் தீங்கையும் எண்ண வேண்டும். ஈரல் நோயோ, உடல் தன்னையே தாக்கும் நோயோ உள்ளவர்கள் மருத்துவர் ஆலோசனையின்றி எடுக்கக் கூடாது. கண் மஞ்சளித்தால் உடனே நிறுத்திவிட்டுப் பரிசோதிக்க வேண்டும். இந்த இரண்டு வரியை ஒவ்வொரு சீந்தில் புட்டியிலும் அச்சிட உத்தரவிட்டிருந்தால் சீந்திலுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அதைச் செய்யும் அதிகாரம் உள்ள அமைச்சகம், தானே பரிந்துரைத்த பொருளுக்கு வழக்கறிஞராக வந்து நின்றது. அடுத்து காமாலையோடு வரும் சீந்தில் நோயாளிக்கு அது சொல்ல வேண்டிய பதில் எந்த எலி ஆய்விலும் இல்லை.