காய்ச்சல் போச்சு, கால் பலமும் போச்சு! மருத்துவமனைப் படுக்கையில் முதியவர்கள் தசையை இழப்பது ஏன்?

"காய்ச்சல் சரியாயிடுச்சு. ஆனா அம்மாவால எழுந்து நிக்கவே முடியல." மருத்துவமனையில் இருந்து முதியவர்களை வீட்டுக்கு அழைத்து வரும் பல குடும்பங்களின் கவலை இது. வியாசர்பாடியில் லிஃப்ட் இல்லாத குடியிருப்பில், மூன்றாவது மாடியில் வீடு என்றால் சிக்கல் இன்னும் பெரிது. கால் பலம் போனவர் மறுபடி கீழே இறங்குவதே கஷ்டம்.

என்ன காரணம்?

வேலை கொடுக்காத தசை வேகமாகக் கரையும். 2007-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சராசரியாக 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்கள் 10 நாட்கள் படுக்கையிலேயே இருந்தனர். கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ தசை குறைந்தது. நோய் இல்லாதவர்களுக்கே இந்த நிலை. காய்ச்சல், நிமோனியா என்று வந்தவர்களுக்கு, உடலில் ஏற்படும் அழற்சியும் சேர்ந்து தசையைக் கரைக்கும்.

சாப்பாடும் ஒரு காரணம். கஞ்சி, பிரெட் மட்டுமே கொடுத்தால் புரதம் போதாது. நோயுற்ற முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினமும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை என்கிறார்கள் ஊட்டச்சத்து நிபுணர்கள். 50 கிலோ எடை உள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம்தான்.

என்ன ஆபத்து?

தசை குறைந்தால் தடுமாறி விழுவதும், எலும்பு முறிவதும் அதிகமாகும். மறுபடி மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும் கூடும். குளிக்க, பாத்ரூம் போகக்கூட அடுத்தவர் துணை தேவைப்படலாம்.

எப்படி கண்டுபிடிப்பது?

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியில் இருந்து 5 முறை எழுந்து உட்கார வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை பலவீனமாக இருக்கலாம் என்கிறது ஆசிய நிபுணர் குழுவின் 2019 வழிகாட்டுதல். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு செய்ய வைப்பது பாதுகாப்பு.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

* "இவங்க எப்போ எழுந்து நடக்கலாம்?" என்று அட்மிட் ஆன முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள்.
* டாக்டர் அனுமதித்தால், சாப்பாட்டு நேரத்தில் படுக்கவிடாமல் நாற்காலியில் உட்கார வையுங்கள். கையைப் பிடித்து பாத்ரூம் வரை நடக்க வையுங்கள்.
* யூரின் டியூப் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள்.
* முட்டை, பால், பருப்பு, மீன் கொடுக்கலாம். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டாக்டரிடம் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் சேவையும் உண்டு. அருகில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதுபற்றிக் கேட்கலாம். முதியோருக்கென்றே கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

2021 மக்கள்தொகை மதிப்பீட்டின்படி, தமிழகத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். "வயசானவங்க, படுத்து ரெஸ்ட் எடுக்கட்டும்" என்பது அன்பில் சொல்லும் வார்த்தைதான். ஆனால் நாள் முழுக்க படுத்தே இருந்தால், மாடிப்படி ஏறத் தேவையான பலம் போய்விடும்.